ரெசிடென்சிக்குப் போகலாமா?

(பெங்களூரு காக்ஸ் டவுனில் வசிக்கும் அச்சு ஓவியர், கலைக்கல்லூரியில் நெடுங்காலம் பாடம் எடுத்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. ஓவியர், எழுத்தாளர், சிற்பி போன்றவர்களுக்குச் சில வாரங்கள் தங்கி வேலை செய்ய இடம் கொடுக்கும் ‘ரெசிடென்சி’ பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

கேள்வி: அக்கா, நான் ரொம்ப வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். நவராத்திரிக்கும் கல்யாண சீசனுக்கும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது. ஜனவரியில் நம்ம ஊர் ஓவியக் கண்காட்சியான சித்திரச் சந்தையிலும் கடை போடுகிறேன். ஆனால் இப்போதெல்லாம் வெண்ணெய்க் கிருஷ்ணனை எடுத்து வைத்தாலே மனசு கனத்துப் போகிறது. கை பாட்டுக்கு வேலை செய்கிறது, நான் அங்கே இல்லை. தோழி ஒருத்தி ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறாள். என் மாமியார், “நாற்பத்து நாலு வயசில் ஹாஸ்டல் வாசமா?” என்கிறார். ஒரு மாதம் போய் உட்கார்ந்தால் நிஜமாகவே ஏதாவது மாறுமா?
– அல்சூர் வாசகி

பதில்: மாறும்மா. எது மாற்றுகிறது என்று தெரிந்துகொண்டு போனால் இன்னும் நன்றாக மாறும்.

கை பாட்டுக்கு வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பலகையில் துணி ஒட்டுவது, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து மேடு கட்டுவது, கல் பதிப்பது, தங்க ரேக்கு ஒட்டுவது. இதில் எந்தக் கட்டத்திலும் உங்கள் கை இனி நின்று யோசிக்க வேண்டியதில்லை. வாங்குபவருக்கும் அதுதான் வேண்டும். அத்தை வீட்டுக் கூடத்தில் பார்த்த அதே கிருஷ்ணன், அதே கன்னம், அதே வெண்ணெய்ப் பானை. ஆர்டர் கொடுக்கிற ஒவ்வொருவரும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே உங்களிடம் கேட்கிறார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சலிப்பு வரவில்லை என்று எழுதியிருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததை ஒருவரும் கேட்காத இடம்தான் என் கணக்கில் நல்ல ரெசிடென்சி. மலையும் ஏரியும் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. டெல்லியில் கோஜ் என்ற கலை அமைப்பு இருக்கிறது, 1997-ல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கியது. அது இருப்பது கிர்கி எக்ஸ்டென்ஷனின் நெருக்கமான சந்துகளுக்குள். காலேஜை முடித்த இளம் கலைஞர்களுக்கென்று பியர்ஸ் என்ற திட்டம் அங்கே உண்டு. சில வாரம் சேர்ந்து தங்கி வேலை செய்வார்கள். போய்வந்த பிள்ளைகள் யாரும் என்னிடம் அமைதியைப் பற்றிப் பேசியதில்லை. பக்கத்து அறைக்காரர் என்ன கேட்டார், சந்தில் மாவு மில் வைத்திருப்பவர் என்ன சொன்னார் என்றுதான் பேசுவார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். நான் ஜிங்க் தகட்டில் எட்சிங் செய்கிறவள், அதாவது அமிலத்தால் கோடு அரித்து அச்செடுப்பவள். கே.ஆர். மார்க்கெட்டிலும் ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் உட்கார்ந்து தலை குனிந்து பூத்தொடுக்கும் பெண்களைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். நன்றாக விற்றன. அந்தச் சமயத்தில் வடக்கே ஒரு மலையூரில் ரெசிடென்சி கிடைத்தது. போய்ப் பார்த்தால் அங்கிருந்த ப்ரெஸ்ஸின் உருளை விரிசல் விட்டுக் கிடந்தது, சரிசெய்ய ஆளும் இல்லை. ப்ரெஸ் இல்லாமல் எட்சிங் நடக்காது. தகட்டின் பள்ளத்தில் இருக்கும் இங்க்கை ஈரத்தாள் உறிஞ்சி எடுக்க அத்தனை அழுத்தம் வேண்டும். மரச்செதுக்கு அச்சுக்கு அது தேவையில்லை. மேட்டில் இங்க் உருட்டி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் வந்துவிடும். அதனால் கிடைத்த தேவதாருப் பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மரம் என் கைக்குப் பழக்கமில்லை. உளி நான் நினைத்த பக்கம் போகாமல் நார் போன பக்கம் போனது.

அங்கே சமைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் நான் கொண்டுபோயிருந்த பழைய பிரிண்டுகளைப் புரட்டிவிட்டு, “இவங்க எல்லாரும் ஏன் கீழேயே பார்க்கிறாங்க? யாராவது பூ வாங்க வந்தா நிமிர மாட்டாங்களா?” என்று கேட்டார். என் படங்களைப் பற்றி அதுவரை என்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் சைஸ் என்ன, எத்தனை பிரதி, விலை என்ன என்பதுதான். அவரையே எதிரே உட்காரச் சொல்லிச் செதுக்கினேன். நார் குறுக்கே ஓடியதால் நெற்றியில் நான் போடாத கோடுகளெல்லாம் வந்தன. அதற்கப்புறம்தான் என் படங்களில் முகம் என்று ஒன்று வந்தது. ப்ரெஸ் சரியாக இருந்திருந்தால் இன்னும் பத்துப் பூக்காரிகளைத் தலைகுனிய வைத்துக் கொண்டுவந்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் சாப்பாடு. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கோ இது பாதி விஷயம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் மெக்டவல் என்ற இடம் 1907-ல் தொடங்கியது. இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் பியானோக் கலைஞரான அவர் மனைவி மரியனும் தங்கள் பண்ணையிலேயே ஏற்படுத்தியது. அங்கே மத்தியானச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து ஸ்டுடியோ வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலையில் இருப்பவரைக் கூப்பிட மாட்டார்கள். இதை வகுப்பில் சொன்னபோது பையன்கள் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வகுப்புக்கு வரும் ஒரு மாணவி மட்டும், “கூப்பிடவே மாட்டாங்களா மேடம்?” என்று இரண்டு தரம் கேட்டாள். நாளைக்கு என்ன குழம்பு, கேஸ் எப்போது புக் செய்தோம், மாமாவின் மாத்திரை இருக்கிறதா என்ற யோசனைகள் தலைக்குள் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது, அவை இல்லாமல் சில நாள் இருந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் மாமியாரும் அப்படி ஒரு மாதம் இருந்ததே இல்லை என்று நினைக்கிறேன். அவரிடம் வாதாடாதீர்கள், போய்வந்து கதை சொல்லுங்கள்.

எப்போது, எங்கே என்று கேட்பீர்கள். சந்தை முடிந்து, பொங்கலும் கழிந்த பிறகு உங்களுக்கு ஆர்டர் குறைவாக இருக்கும் மாதங்களைப் பார்த்து விண்ணப்பியுங்கள். முதல் தடவைக்கு நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம். சில இடங்களில் வயது வரம்பு உண்டு, பல இடங்களில் கிடையாது. விதியைப் படித்துவிட்டு மனசைத் தளரவிடுங்கள், படிக்காமலே தளராதீர்கள். அகமதாபாத்தில் 1984-லிருந்து கனோரியா கலை மையம் இருக்கிறது, நல்ல ஸ்டுடியோக்கள். நம்ம ஊரிலேயே சாந்தி நகரில் ஒன் சாந்திரோடு இருக்கிறது. கலை வரலாற்றாசிரியரும் ஓவியருமான சுரேஷ் ஜெயராம் 2003-ல் தொடங்கியது. வெளியூர், வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து தங்குவார்கள். அல்சூரிலிருந்து அரை மணி நேரம். விண்ணப்பம் எழுதும் முன்பு அங்கே நடக்கும் ஓப்பன் ஸ்டுடியோ ஒன்றுக்கு, அதாவது கலைஞர்கள் தங்கள் வேலையைப் பார்வையாளர்களுக்குத் திறந்து காட்டும் நாளில் போய், தங்கியிருப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள்.

விண்ணப்பத்தில் ‘மரபை நவீனப்படுத்தப் போகிறேன்’ என்று எழுத வேண்டாம். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைப் படித்துப் படித்து அலுத்திருக்கிறேன். கை பாட்டுக்கு வேலை செய்கிறது, நான் அங்கே இல்லை என்று எனக்கு எழுதியதையே அவர்களுக்கும் எழுதுங்கள். போகும்போது தங்க ரேக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கற்களையும்தான். சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் மட்டும் பையில் இருக்கட்டும். மேலே தங்கம் வராது என்று தெரிந்தால் அந்த வெள்ளை மேட்டை உங்கள் கை எப்படிக் கட்டும்? அதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

கேள்வி: ஐ.டி. வேலை பார்க்கிறேன். தமிழில் சிறுகதை எழுதுகிறேன். ஆறு கதைகள் பாதியில் நிற்கின்றன. ரெசிடென்சி எல்லாம் ஓவியர்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும்தானா? தமிழில் எழுதுகிறவனுக்கு இடம் உண்டா?
– ஒயிட்ஃபீல்ட் வாசகர்

பதில்: உண்டு தம்பி, பெங்களூருக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. சங்கம் ஹவுஸ் என்ற எழுத்தாளர் ரெசிடென்சியை அர்ஷியா சத்தாரும் டி.டபிள்யூ. கிப்சனும் 2008-ல் தொடங்கினார்கள். பல வருடம் அது ஹெசரகட்டாவில் நிருத்யகிராமத்தில் நடந்தது. ஒடிசி நடனத்துக்காகப் புரோதிமா பேடி 1990-ல் ஏற்படுத்திய இடம் அது. இந்திய மொழிகளில் எழுதுபவர்களையும் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களையும் ஒன்றாகத் தங்கவைத்ததுதான் சங்கம் ஹவுஸின் சிறப்பு. இப்படிப்பட்ட திட்டங்களில் இடமும் விதியும் வருடத்துக்கு வருடம் மாறும். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரியே இருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் பால் எங்கிளும் நியே ஹுவாலிங்கும் 1967-ல் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தை ஆரம்பித்தார்கள். அசோகமித்திரன் 1973-ல் அங்கே போனார். அந்த அனுபவத்திலிருந்து பிறகு ‘ஒற்றன்’ நாவல் வந்தது. அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்து எழுதிய புத்தகம் என்று நினைத்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். உடன் தங்கிய பல நாட்டு எழுத்தாளர்களின் கோபமும் தனிமையும் விசித்திரமான நட்பும்தான் அதில் நிறைய. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் நடுவில் ஒரு தமிழ் எழுத்தாளர் மாதக்கணக்கில் இருக்கிறார். அவர் என்ன எழுதியிருக்கிறார், எவ்வளவு பெரியவர் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. மேலே அல்சூர் வாசகிக்குச் சொன்னதேதான் இங்கேயும்.

உங்களுக்கு இரண்டு யோசனைகள். ஆறு கதையையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒன்று போதும். உங்களை ரொம்பத் தொந்தரவு செய்வது எதுவோ அது. இன்னொன்று, பெரும்பாலும் உங்கள் எழுத்தின் மாதிரியை ஆங்கிலத்தில் கேட்பார்கள். நீங்களே ஆபீஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பாமல், நன்றாக மொழிபெயர்க்கும் நண்பரைப் பிடியுங்கள். தமிழ் மூலத்தையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேளுங்கள்.

போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் தவறவிடாதீர்கள். அசாமிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்த ஒருவர், “என்ன எழுதுகிறாய்?” என்று கேட்பார். கதையை வாயால் சொல்ல வேண்டி வரும். சொல்லும்போது எந்த இடத்தை நீங்கள் அவசரமாகத் தாண்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். கதை நின்றுபோனது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: வெளிமாநில ரெசிடென்சி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். இரண்டே நாளில் “தேர்வாகிவிட்டீர்கள்” என்று மெயில் வந்தது. மாதம் 60,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– கோரமங்களா வாசகி

பதில்: இப்போது கட்ட வேண்டாம். ஸ்டைபெண்ட், அதாவது உதவித்தொகை கொடுக்கும் ரெசிடென்சிகள் உண்டு, இடம் மட்டும் கொடுப்பவை உண்டு, பணம் வாங்குபவையும் உண்டு. பணம் வாங்குவதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு நாளில் யார் உட்கார்ந்து உங்கள் போர்ட்ஃபோலியோவைப் பார்த்தார்கள்? அதை எழுதிக் கேளுங்கள். அங்கே முன்பு தங்கிய மூன்று பேரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் ஊடகத்துக்கான கருவிகள் வேலை செய்கின்றனவா, டெக்னீஷியன் இருக்கிறாரா, முடிவில் ஒரு படைப்பை அவர்களுக்கு விட்டுவர வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த 60,000-ல் நல்ல தாளும் கலரும் வாங்கிக்கொண்டு, ஊரில் அக்கா வீட்டு மாடியில் ஒரு மாதம் தங்கி வேலை செய்யுங்கள்.

கேள்வி: மேடம், நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் எழுதுவேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோய், இப்போது கடை ஷட்டரும் லாரி நம்பரும்தான். ராத்திரியில் எனக்காகப் படம் போடுவேன், அதுவும் நின்றுவிட்டது. அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். ஒரு ராத்திரிகூட வெளியே தங்க முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது வழி உண்டா?
– ஸ்ரீராம்புரம் வாசகர்

பதில்: இந்தக் கடிதத்தைப் பல நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். வீட்டை விட்டுப் போக முடிந்தவர்களை மனதில் வைத்தே ரெசிடென்சிகள் ஏற்படுத்தப்படுகின்றன. அது அந்த ஏற்பாட்டின் குறை. பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கும் ஸ்டுடியோ கொடுங்கள், ஸ்டைபெண்டும் கொடுங்கள் என்று நான் உட்கார்ந்த குழுக்களிலெல்லாம் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகனும், கைக்குழந்தைக்காரியும் வர முடியாத இடத்தில் கலை எப்படிப் புதுசாகும்?

ஆனால் அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பிழைப்புக்கான வேலை ஒரு பக்கம், சொந்தப் படம் ஒரு பக்கம் என்று நீங்கள் பிரித்துவைத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து சென்னைக்கு வெளியே சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர்கள், பாட்டிக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் அதற்குப் பணம் சேர்த்தார்கள். அந்தத் தொடக்கக் குழுவில் இருந்த எஸ்.ஜி. வாசுதேவ் பிறகு பெங்களூருக்கே வந்துவிட்டார். விற்பதற்குச் செய்ததில் கை கற்றுக்கொண்டது படத்துக்குள் வரத்தானே செய்யும்? உங்களிடம் இருக்கும் ஒரு வித்தையைச் சொல்கிறேன், நீங்கள் அதை வித்தையாகவே நினைத்திருக்க மாட்டீர்கள். ஷட்டரின் மேடு பள்ளத்தின் மேல் எழுதினாலும், எதிர் நடைபாதையிலிருந்து பார்க்கிறவருக்கு எழுத்து நேராகத் தெரிகிறது. எந்தக் கல்லூரியிலும் அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதே போன்ற ஒரு தகரத் துண்டைக் காயலான் கடையில் வாங்குங்கள். எனாமல் பெயின்ட் இருக்கட்டும், ஆனால் அதில் கடைப் பெயரோ நம்பரோ எதுவும் வேண்டாம். அப்பாவின் முகத்தை எழுதிப் பாருங்கள். அந்த மடிப்புகளின் மேல் ஒரு முகம் எங்கே உடைகிறது, எங்கே சேர்கிறது என்று பாருங்கள்.

வாரத்தில் ஒரு நாள், அப்பாவை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் இரண்டு மணி நேரத்தைப் பேசி வாங்குங்கள். தங்கை, மச்சான், யாராக இருந்தாலும் சரி. ஆறு வாரம் என்று முடிவுத் தேதியும் சொல்லிவிடுங்கள். தேதி இருந்தால் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள், நீங்களும் தள்ளிப்போட மாட்டீர்கள்.

கேள்வி கேட்க ஆள் வேண்டுமே, அதற்கும் வழி இருக்கிறது. கை எழுத்துப் பலகைகளை இப்போது டிசைன் படிக்கும் பிள்ளைகள் ரொம்ப ஆசையாகப் பார்க்கிறார்கள். டெல்லியில் ஹனீஃப் குரேஷி, போர்டு ஆர்ட்டிஸ்ட்கள் எழுதிய எழுத்துகளைச் சேகரித்து, அவற்றை ஃபான்ட்களாக்க ஹேண்ட்பெயிண்டட் டைப் என்று ஒரு முயற்சியே நடத்தினார். என்னிடம் படித்த இரண்டு பெண்களுக்குப் பிரஷ் பிடித்துக் கன்னட எழுத்து எழுதக் கற்க வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால் அவர்களை ஸ்ரீராம்புரத்துக்கு அனுப்பிவைக்கிறேன். சொல்லித்தருவதற்குக் கட்டாயம் காசு வாங்குங்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் எனக்கு வந்துவிடும்.

கேள்வி: போன வாரம்தான் ஒரு மாத ரெசிடென்சி முடிந்து திரும்பினேன். நான் சிற்பி. அங்கே களிமண்ணை உருட்டுவதும் ஸ்கெட்ச் போடுவதுமாகவே நாள் போய்விட்டது. ஓப்பன் ஸ்டுடியோ அன்றைக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. எல்லோர் முன்பும் வெட்கமாகப் போயிற்று. வாய்ப்பை வீணாக்கிவிட்டேனா?
– ஜெயநகர் வாசகர்

பதில்: இல்லை. ஓவியர் பால் கிளே 1914 ஏப்ரலில் துனீசியாவில் இருந்தது ஏறக்குறைய இரண்டு வாரம்தான். அங்கே அவர் செய்தவை சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்கள். அந்த வெளிச்சத்தில் அவர் நிறத்தைப் பிடித்த விதம் பிறகு வருடக்கணக்காக அவர் ஓவியங்களில் வேலை செய்தது. ஓப்பன் ஸ்டுடியோ நடத்துபவர்கள் முடித்த வேலையை எதிர்பார்ப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அதைக் கியூரேட்டர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஸ்கெட்ச்களில் தேதி எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். கேலரியிலிருந்து கேட்டால் அடுத்த வருடம் என்று சொல்லிவிடுங்கள். உருண்டைகளை அவசரப்பட்டுச் சூளையில் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துவிடும். இன்னும் முழுதாகக் காயாமல் இருந்தால் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, களிமண் கூழ் தடவித் திரும்ப ஒட்டி, ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு நிழலில் காயவையுங்கள்.